கை நடுங்கவில்லை

பிஷ்கெக்கில் பிப்ரவரி. லிஃப்ட் ஓடவில்லை.
நான்காம் மாடி ஏறுவதற்குள்
பூட்ஸில் ஒட்டிய பனி சேறாகிவிட்டது.

கதவைத் திறந்தவர் ஸோயா பாக்,
பங்குதாரர் பதிவேட்டின் காப்பாளர்,
இருபத்தாறு ஆண்டாக அதே நாற்காலியில்.
உரிமத்தை வருபவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்
என்கிறது சட்டம்.
மாட்டியிருந்தார். கண்ணாடியில் ஒரு விரல்தடம் கிடையாது.

தேநீர் குடிக்கிறீர்களா என்றார்.
ஆய்வுக்குப் போன இடத்தில்
ஆணையத்து ஆள் ஒரு மிடறும் வாங்கக் கூடாது.
அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார்,
ஊற்றினார், தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

மூலதனம்: இருக்கிறது, மயிரிழையில்.
தரகர்களோடு உறவு: இல்லையென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.
பெட்டகச் சாவி: இரண்டு, இரண்டு பேரிடம்.
நான் கட்டம் கட்டமாகச் சரி போட்டுக்கொண்டே வந்தேன்
கராபுலாக் சர்க்கரை ஆலை வரைக்கும்.

தொண்ணூற்று நான்கில் அங்கே சம்பளத்துக்குப் பதில்
கொஞ்சம் மூட்டை கொடுத்தார்கள், கொஞ்சம் பங்கு.
மூட்டை அந்தக் குளிர்காலத்திலேயே தீர்ந்தது.
பங்கு ஏட்டுச் சர்க்கரையாக இருந்தது,
நக்கிப் பார்க்கவும் ஆளில்லாமல்,
ஆலை நிலத்தின் மேல் நெடுஞ்சாலை வரப்போவதை
ரெனாத் கைபுல்லின் என்ற தரகர்
செய்தித்தாளுக்கு முன்பே படித்துவிடும்வரை.

வரிசை எண் 3107.
எசென்குல் ஜுமாலியெவ், கொதிகலன் தொழிலாளி. நாற்பது பங்கு.
மார்ச் 14இல் கைமாறியிருக்கிறது.
மார்ச் 2இல் ஆள் இறந்திருக்கிறார்.

மாதிரிக் கையெழுத்து அட்டை கேட்டேன்.
1996ஆம் ஆண்டு அட்டை, மூலையில் கரிக்கறை.
எழுத்துகள் சரிவில் ஏறும் ஆடுகள் மாதிரி
ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன.
மாற்று ஆணையிலோ ஒரே வீச்சு.
பன்னிரண்டு நாள் மண்ணுக்குள் கிடந்ததில்
கை இவ்வளவு தேறியிருக்கிறது.

ஒப்பிட்டீர்களா? பிரிவு பதினேழு கேட்கிறது.
ஒப்பிட்டேன்.
பிறகு?
நோட்டரி முத்திரை இருந்தது. கெடு மூன்று வேலைநாள்.
மறுக்கலாம், ஆறு காரணங்களில் ஒன்று இருந்தால்.
எனக்குத் தோன்றியது ஏழாவது.

தினப்பதிவேட்டைத் திருப்பினேன்.
3107க்கு நேரே, ஓரத்தில், எறும்பளவில், பென்சிலில்:
கை நடுங்கவில்லை.

பதிவேட்டில் பென்சில் படக்கூடாது,
அழிக்க முடிந்த எதுவுமே படக்கூடாது.
3112இலும் இருந்தது. 3140இல் வெறும் ஒரு கோடு,
அலுத்துப் போயிருப்பார்.
மொத்தம் பதினொன்று. எண்ணி எழுதிக்கொண்டேன்:
பதிவேடு பராமரிப்பு, விதிமீறல், பதினொரு இடம்.
மையில் இருந்தவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குத் தெரிவித்திருக்கலாமே என்றேன்.
இழுப்பறையைத் திறந்தார்.
ஏப்ரல் மாதக் கடிதம், ஒன்றரைப் பக்கம், நகல்.
மேலே ஆணையத்தின் வரவு முத்திரை.
அதில் ஏழின் கால் பாதி தேய்ந்திருந்தது.
எங்கள் தபால் மேசையில் அந்த ரப்பர் கட்டை
இன்றைக்கும் இருக்கிறது,
இன்று காலையும் என் கோப்பில் அரை ஏழு குத்தினார்கள்.

என் படிவத்தில் ஒன்பது பத்தி.
தரகர், காப்பகம், பதிவாளர், நிதி மேலாளர்,
ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பிழைக்கும் இடமுண்டு.
கடிதத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவருக்கு
எங்கேயும் இல்லை, பின்பக்கமும் பார்த்தேன்.

இடைநீக்க ஆணையை நீட்டினேன்.
இரண்டு முறை படித்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.
நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைத் தானே கழற்றினார்.
ரசீது கொடுங்கள்.
எந்த ரசீது?
உரிமத்தைப் பெற்றதற்கு. பிரிவு முப்பத்தொன்று, உட்பிரிவு நான்கு.

என்னிடம் அதற்குத் தாளில்லை. அவரே கொடுத்தார்,
வாசகத்தையும் அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்.
தேதி போடுங்கள் என்றார். மணியும்.
பென்சிலை வையுங்கள், மை.

வெளிக்குளிரில் கிடந்த பேனா
இரண்டு தடவை வெறும் பள்ளம் கீறியது.
காத்திருந்தார்,
ஆறிய தேநீரை என் பக்கம் நகர்த்தாமல்.